மொபைலில் கண் பவர் பார்க்கலாமா?

(பேத்தமங்களாவில் நடந்த அங்கத்தினர் குடும்பச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிஷம்தான் என்று காரியதரிசி சொல்லிவிட்டார். பாயச வாசனை வேறு வருகிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ராபர்ட்சன்பேட்டையில் பிறந்தவன். கண் பரிசோதனைதான் என் உத்தியோகம், ஓய்வு பெற்றாகிவிட்டது. கே.ஜி.எஃப். வீடுகளுக்குக் குழாயில் வந்த தண்ணீர் இந்த பேத்தமங்களா ஏரித் தண்ணீர். லீவு நாளில் புளியோதரை கட்டிக்கொண்டு இங்கே வருவோம். அக்கரையில் நிற்கிற மாட்டை அண்ணா எண்ணுவான். எனக்கு அக்கரையே ஒரு பச்சைக் கோடு. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் போர்டில் இருப்பதைத் தப்பாக எழுதி அடி வாங்கியது தனிக் கதை. பன்னிரண்டு வயதில் கண்ணாடி வந்தது. அன்று சாயங்காலம் அப்பாவோடு சாம்பியன் ரீஃப் பக்கம் நடக்கும்போது, ஷாஃப்ட் கோபுரத்தின் உச்சியில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தேன். அதுவரை சத்தம் மட்டும்தான் தெரியும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்களை மூடினார்கள் என்று கேட்டபோது, முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சக்கரம்தான்.

இப்போது பல ஊர் அங்கத்தினர்களும் போன் பண்ணி, "மொபைலிலேயே பவர் பார்த்துக்கொள்ளலாமாமே மாமா?" என்று கேட்கிறார்கள். இதில் இரண்டு கேள்வி கலந்திருக்கிறது. எவ்வளவு தூரம் எழுத்து தெரிகிறது என்பது ஒன்று. எந்த லென்ஸ் போட்டால் சரியாகும் என்பது வேறு.

முதல் கேள்விக்கு 1862-இல் ஹாலந்து டாக்டர் ஸ்னெல்லன் அட்டை போட்டார். ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் 8.7 மில்லிமீட்டர் உயர எழுத்தைப் படித்தால் 6/6. அதையே நாற்பது சென்டிமீட்டரில் பிடிக்கிற மொபைலில் காட்டினால், எழுத்து அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பழைய கம்ப்யூட்டர் திரையில் அந்த அளவுக்கு இரண்டு புள்ளிதான் கிடைக்கும்; அதில் 'E' எழுத முடியாது. இன்றைய நல்ல மொபைலில் சுமார் பத்துப் புள்ளி கிடைக்கிறது. எழுத்து சுத்தமாக வரும். ஆனால் ஆபத்தும் அங்கேதான். மைனஸ் இரண்டரை பவர் உள்ளவருக்கு, கண்ணாடி இல்லாமலே நாற்பது சென்டிமீட்டரில் பளிச்சென்று தெரியும். அன்று என் கையில் மொபைல் கொடுத்திருந்தால், கண் பிரமாதம் என்று சொல்லியிருக்கும். அடி நின்றிருக்காது.

ஆண்ட்ரூ பஸ்தவ்ரஸ் என்ற லண்டன் கண் டாக்டர் இதற்கு வழி பண்ணினார். கென்யா கிராமங்களில் அவர் சோதித்த 'பீக்' முறையில் மொபைல் நோயாளி கையில் இல்லை. பரிசோதிப்பவர் சில மீட்டர் தள்ளி நின்று 'E'யைக் காட்டுவார். அதன் கால் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினால் போதும், படிப்பே வேண்டாம். 2015-இல் வெளியான ஆய்வில் அது அட்டைக்கு நிகராக இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு நம் நாசிக்கில் பிறந்த ரமேஷ் ரஸ்கர் பதில் தேடினார். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் அவரும், விட்டோர் பம்ப்லோனா முதலானவர்களும் 2010-இல் வெளியிட்டதற்குப் பெயர் 'நேத்ரா'. மொபைல் திரைமேல் ஒரு சின்ன லென்ஸ் குழலை வைத்துக் கண்ணைப் பொருத்த வேண்டும். இரண்டு கோடு தெரியும். பட்டனை அழுத்தி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். கோடுகளை எவ்வளவு நகர்த்தினோமோ, அதுதான் பவர் கணக்கு. கோட்டைப் பல கோணங்களில் சாய்த்துத் திரும்பச் செய்தால் சிலிண்டர் பவரும் அதன் ஆக்சிஸும் வந்துவிடும். ஆஸ்பத்திரி மெஷின் கண்ணுக்குள் ஒளி அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. இங்கே அளக்கிறவரே நோயாளி. எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இது. ஆனால் குழந்தைகள் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை இறுக்கிக்கொள்வார்கள், மைனஸ் கூடுதலாகக் காட்டும். அதனால்தான் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறோம்.

எளிய கண்ணாடி என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது கடந்த 751 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது, 2018-இல் வெளிவந்தது. கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்ததில் இலை பறிப்பது சுமார் 22 சதவிகிதம் அதிகமாயிற்று, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால். அதனால் இந்தக் கருவிகளை நான் குறை சொல்ல வரவில்லை.

என் அத்திம்பேர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா அனுமதி கொடுத்திருக்கிறாள். மொபைலில் கண் பரிசோதிக்கும் ஆப் ஒன்றை அவருக்குப் போட்டுக் கொடுத்ததே நான்தான். மாசம் தவறாமல் பார்ப்பார். "உன் ஆஸ்பத்திரி எதுக்குடா, எனக்கு 6/6" என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு வருஷம் போயிற்று. கல்யாண வீட்டில் இடது பக்கம் இருந்த குத்துவிளக்கை இடித்துத் தள்ளினார். கண்மணியை விரித்துப் பார்த்தால் க்ளாக்கோமா. இடது கண் நரம்பில் பெரும்பகுதி போயிருந்தது. நடுப்பார்வை கடைசி வரை நிற்கும், ஓரம்தான் முதலில் போகும். எழுத்து படிக்கச் சொல்கிற எந்தத் திரையும் அதைக் காட்டாது. இது எனக்குப் பாடத்திலேயே உண்டு. அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. இப்போது ராத்திரி சொட்டு மருந்து விடும்போது அக்கா என்னை ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சரி, இலை போட்டாகிவிட்டது போலிருக்கிறது. சாப்பிட்டதும் குழந்தைகளை ஸ்டோர் ரூம் வாசலுக்கு அழைத்து வாருங்கள். கதவில் அட்டை ஒட்டி, டேப் வைத்து ஆறு மீட்டர் அளந்து சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறேன். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடவேண்டும். விரலால் அழுத்தக் கூடாது. நாற்பது வயது தாண்டியவர்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம். உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான்: கடைசியாக எந்த வருஷம் கண்ணில் பிரஷர் பார்த்து, மருந்து விட்டு நரம்பைப் பார்த்தார்கள்? ஞாபகம் இல்லாதவர்கள் ஊரும் பேரும் காரியதரிசியிடம் எழுதிக் கொடுங்கள். நானே போன் பண்ணிக் கேட்கிறேன்.