துலாக்கோலும் பாரந்தூக்கியும்

வணிகன் கையிலுள்ள துலாக்கோலை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். ஒரு தட்டிலே பாரம் மிகுந்தால் மறுதட்டு மேலெழும். துறைமுகங்களிலும் களஞ்சியசாலைகளிலும் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகின்ற போர்க்லிப்ட் என்னும் பாரந்தூக்கி வண்டியும் ஒரு துலாக்கோலே. இவ்வுண்மையை உணர்ந்த சாரதியே தன்னுயிரையும் பிறருயிரையும் காக்க வல்லவன்.

அவ்வண்டியின் முன்சில்லுகளே துலாக்கோலின் நடுத்தானம். முன்னே நீண்ட இரு கவர்களிலே சுமை. பின்னே அதனை ஈடுசெய்யும் இரும்பு எதிர்ப்பாரம். வண்டியிற் பொருத்திய தகட்டிலே 2000 கிலோகிராம், 500 மில்லிமீற்றர் என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். கவரின் அடியிலிருந்து சுமையின் நடுப்புள்ளி 500 மில்லிமீற்றருக்குள் இருந்தாலன்றி அந்த எடையைத் தூக்கலாகாது என்பதே அதன் பொருள். 1 மீற்றர் நீளமான பெட்டிக்கு இது பொருந்தும். அதே எடையுள்ள பெட்டி 1.4 மீற்றர் நீளமாயின், நடுப்புள்ளி 700 மில்லிமீற்றருக்குச் சென்றுவிடும். எடை மாறவில்லை, ஆபத்தோ வந்துவிட்டது.

இவ்வேளையில் நம்மவர் செய்யும் தவறு ஒன்றுண்டு. பின்பக்கம் எழுவதைக் கண்டதும், "இரண்டு பேர் பின்னால் ஏறி நில்லுங்கள்" என்பார்கள். மனிதர் எடைக்கல் அல்லர். வண்டி திரும்புவது பின்சில்லுகளாலே; அவை நிலத்தை அழுத்தாதபோது சுக்கான் சாரதிக்கு அடங்காது. வண்டி சாய்ந்தால், ஏறி நின்றவர்களே முதலில் வீழ்வர். சுமையைப் பிரித்து இருமுறை கொண்டுசெல்வதே அறிவுடைமை.

சுமையை உயர்த்தியபடி ஓட்டுவதும் திரும்புவதும் ஆகா. நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்திலே, தூணைப் பின்னோக்கிச் சாய்த்துக் கொண்டுசெல்லல் வேண்டும். சுமை பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்டுக. சரிவிலே சுமை எப்பொழுதும் மேட்டுப் பக்கமாகவே இருத்தல் வேண்டும். அங்கே வண்டியைத் திருப்புதல் கூடாது.

இத்துணைக்குப் பின்னும் வண்டி பக்கமாகக் கவிழுமாயின், குதித்து ஓடவே மனம் தூண்டும். அதுவே உயிர்கொல்லும் தவறு. குதித்தவன்மீது தலைக்குமேலுள்ள பாதுகாப்புக் கூரையே வந்து விழும். ஆசனப்பட்டியை அணிந்து, சுக்கானை இறுகப் பற்றி, கால்களை ஊன்றி, சாயும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கமாக உடலைச் சாய்த்து இருப்பவனுக்கே பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

கையால் இயக்கும் பலட் ஜாக் வண்டியையும் எளிதாக எண்ணற்க. இயன்றவரை அதனை இழுக்காமல் தள்ளுக. இழுப்பவனுடைய குதிக்காலிலேயே அது ஏறக்கூடும். சரிவிலே சுமைக்குக் கீழ்ப்பக்கம் நிற்றல் ஆகாது.

தொழிலிடப் பாதுகாப்பிற்கென இந்நாட்டிலே 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. ஆயினும் சட்டப் புத்தகம் வண்டியின் அருகே வந்து நிற்பதில்லை. அங்கே நிற்பவர் மேற்பார்வையாளர். விரைவாக முடிக்குமாறு அவர் உரைக்கும் ஒரு சொல், தகட்டிலே பொறித்த எண்ணை மறக்கச் செய்துவிடும். "இச்சுமையை இவ்வண்டி தாங்காது" என்று கூறும் சாரதியைச் சோம்பேறி என்று இகழாதிருப்பதே அவர் செய்யக்கூடிய பேருதவி.

சரக்கு ஒருமணி நேரம் தாமதித்தால் நட்டம் சிறிது. மாலையிலே வாசலை நோக்கிக் காத்திருக்கும் குடும்பத்திற்கோ, அவன் ஒருவனே முழுச் செல்வம்.