எழுதினால் மட்டும் போதுமா?



1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினார்கள். நம்மில் பலரோ அவற்றை அறியாமலே வளர்ந்தோம். கைக்கு எட்டாத எழுத்து எழுதாததற்கு ஒப்பாகும்.

இணையதளமும் அத்தகையதே. மாரண்டஹள்ளியில் நாம் தளம் அமைத்த மறுநாளே கூகுள் அதனைக் காட்டிவிடாது. தேடுபொறி பெரும்பாலும் இணைப்புகளின் வழியே பக்கங்களைக் கண்டறிகிறது; இணைப்பற்ற பக்கம் பாதையில்லாத சேரி போன்றது.

ஆகவே, கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, பக்கங்களின் பட்டியலை அளியுங்கள். இதற்குக் கட்டணமில்லை. கட்டுரைகளைப் படமாக ஒட்டாது, ஒருங்குறி எழுத்தில் தட்டச்சிடுங்கள். பதிந்தாலும் இடம் உறுதியன்று. பிறர் தளங்கள் நம்மைச் சுட்டும்வண்ணம் பயனுள்ளவற்றை எழுதுங்கள்.

நம் வரலாற்றைத் தேடும் பிள்ளைக்கு நம் சொல்லே முதலில் கிடைக்கட்டும்!