வேதாளம் குடியிருக்கும் பெட்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் நானும் சில சொல் கூற வேண்டுமென்று நண்பர்கள் அன்புக் கட்டளை இட்டார்கள். சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் பேசுதற்கு என்னினும் தகுதி வாய்ந்த புலவர் பெருமக்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதிக் காலம் கழித்த எனக்கு அத்துணைப் புலமை இல்லை. ஆனால் என் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதனுள் வேதாளம் ஒன்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்து வருகிறது. அதைப் பற்றிப் பேச மட்டும் எனக்கு உரிமை உண்டு.

விக்கிரமாதித்தன் கதையை அறியாத தமிழர் இலர். திருவிழாக் கடைகளில் பெரிய எழுத்துப் புத்தகமாக அடுக்கி வைத்து விற்ற கதை அது. முப்பத்திரண்டு பதுமைகளும், பட்டியின் மதியூகமும், வேதாளத்தின் குறும்பும் அதில் உண்டு. "காடாறு மாதம், நாடாறு மாதம்" என்னும் வழக்கு அந்த மன்னனோடு சேர்த்தே வழங்குகிறது. போடிமெட்டில் வாழும் நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. காய் பறிக்கும் காலத்தில் மலையிலும், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழேயுள்ள போடியிலும் நம் பெற்றோர் வாழ்ந்த வாழ்க்கை அதுவே அன்றோ? நமக்கு அரியணை மட்டும் இல்லை.

அப்பெருங்கதையில் என் நெஞ்சைக் கொள்ளை கொண்ட பகுதி வேதாளம் சொல்லும் கதைகளே. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் அவை இருபத்தைந்து கதைகளாக அமைந்துள்ளன. ஆங்கே மன்னன் பெயர் திரிவிக்கிரமசேனன். பிணம் தொங்கும் மரம் சிம்சுபா மரம். தமிழில் அது முருங்கை மரமாகி விட்டது. இம்மாற்றத்தைச் செய்தவர் யாராயினும் அவரை நான் வணங்குகிறேன். ஒரு சிறுவன் ஏறினாலே முறிந்து விழும் முருங்கைக் கிளையில் ஒரு பிணமும், பிணத்துக்குள் ஒரு பேயும் தொங்குகின்றன என்றால், அச்சத்தோடு நகைப்பும் சேர்ந்து வாராதோ?

கதையின் நகைச்சுவை வேறோர் இடத்திலும் இருக்கிறது. வாளேந்திய பேரரசன், தன் தோளிற் கிடக்கும் பிணத்திடம் ஒவ்வொரு முறையும் தோற்றுப் போகிறான். வினாவுக்கு விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் தலை வெடித்து விடும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குப் பறந்து விடும். அறிவுடையவன் அறிவுடைமையாலேயே தோற்கும் இத்தகைய வேடிக்கையை வேறெங்கும் நான் படித்ததில்லை.

இக்கதைகளுக்கு முகம் தந்தது "அம்புலிமாமா" இதழ். நாகி ரெட்டியாரும் சக்கரபாணியாரும் 1947 சூலைத் திங்களில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்னதாக, சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் அதைத் தொடங்கினார்கள். பிறகு பன்மொழிகளிலும் அது பரவிற்று. அச்சகம் அவர்களுடையதே ஆகையால், வண்ண அச்சில் அவர்கள் காட்டிய அக்கறை அக்காலத்துச் சிறுவர் இதழ்களில் அரிது. ஓவியம் கதைக்கு ஒட்டுப்போட்ட துணியாக இல்லாமல், கதையோடு சேர்த்து நெய்யப்பட்டதாக இருந்தது. சோமதேவரின் கதைகள் இருபத்தைந்தோடு தீர்ந்து விட்டன. ஆயினும் அம்புலிமாமாவின் மன்னன் ஓயவில்லை. அதே மயானம், அதே மரம், அதே தோள் என்ற சட்டத்துக்குள் புதுப்புதுக் கதைகளை வைத்துப் பல பத்தாண்டுகள் அவனை நடக்க வைத்தார்கள்.

அந்த மன்னனை வரைந்த கை, சங்கர் என்று கையெழுத்திட்ட கே. சி. சிவசங்கரன் அவர்களுடையது. 1924-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, கலைமகளிற் பணியாற்றிய பின் அம்புலிமாமாவுக்கு வந்தவர் அவர். உருவிய வாள் ஒரு கையில், தோள்மேல் தொங்கும் பிணம், காலடியில் மண்டையோடுகள், சுற்றிலும் பாம்பும் நரியும் உலவும் இருள். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர் மறவார். மன்னன் முகத்தில் அச்சமும் இல்லை, வீரம் பேசும் செருக்கும் இல்லை. வேலைக்குப் புறப்பட்ட மனிதனின் முகம் அது. விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி வரும் நம் தொழிலாளர் முகத்தில் அதை நான் பலகாலும் கண்டிருக்கிறேன். 2020 செப்டம்பரில், தம் தொண்ணூற்றாறாம் வயதில், அப்பெரியார் மறைந்தார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு வந்தது. வேதாளம் கேட்கத்தக்க வினா ஒன்று அதில் இருக்கிறது. நான் விடை கூறப் போவதில்லை.

இனி என் பெட்டிக்கு வருகிறேன்.

என் தந்தையார் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. அஞ்சலில் அம்புலிமாமா வரவழைத்தார். இதழைச் சுற்றி வரும் முகவரித் தாளையும் அவர் எறிவதில்லை. ஆண்டுக்கு ஒன்றாகத் தொகுதியின் உள்ளட்டையில் ஒட்டி வைப்பார். 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன என்பதும், அதனால் நம் மக்கள் அடைந்த மனத்துயரும் நீங்கள் அறிந்தவையே. தந்தையாரின் தொகுதிகளைப் புரட்டினால் முன்னவற்றில் கோட்டயம் மாவட்டம் என்றிருக்கும். 1972-க்குப் பின் இடுக்கி மாவட்டம் என்றிருக்கும். நாங்கள் வீடு மாறவே இல்லை. மாவட்டம்தான் எங்களைக் கடந்து சென்றது.

பன்னிரண்டு இதழ் சேர்ந்ததும் கட்டடம் செய்ய வேண்டும். முதன் முதலாகக் கீழே ஊரில் ஒருவரிடம் கொடுத்தோம். பெயர் சொல்ல மாட்டேன். அவர் மேலட்டைகள் அனைத்தையும் கிழித்தெறிந்தார். ஓரங்களை ஒழுங்கு செய்கிறேன் என்று வெட்டுக்கத்தியில் வைத்து இழுத்தார். வேதாளத்தின் பாதங்கள் போயின. ஒரு படத்தில் மன்னனின் வாள்முனையும் போயிற்று. தந்தையார் அன்றிரவு உணவு கொள்ளவில்லை. மறு ஆண்டிலிருந்து தாமே கட்டலானார்.

நன்கு அமைந்த நூல் எது என்பதை அவரிடமே கற்றேன். மேசைமேல் விரித்து வைத்தால் அது தானே விரிந்து கிடக்க வேண்டும். கையால் அழுத்திப் பிடிக்க வேண்டுமாயின் தையல் தவறு. இதழ்களைப் பிணைத்த இரும்புக் கம்பியை முதலில் நீக்கி விட வேண்டும். நம் மூடுபனியில் ஒரே மழைக்காலத்தில் அது துருவேறித் தாளைத் தின்று விடும். பிறகு நூலால் தைத்து, மயில்துத்தம் கலந்த பசையிட்டு, முதுகில் துணி ஒட்ட வேண்டும். ஓரம் வெட்டுதல் கூடாது. மேலட்டைகளை உரிய இடத்திலேயே வைத்துக் கட்ட வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும் இராமபாணப் பூச்சி வரும், அதற்கு வசம்பு.

பூச்சியினும் கொடியது ஈரம். ஒரு தென்மேற்குப் பருவத்தில் தொகுதிகளிற் பூஞ்சணம் படர்ந்து விட்டது. எனக்கு இருபது வயது. அறிவு மிகுதி என்ற நினைப்பு. ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறதே, புத்தகத்தை ஏன் உலர்த்தலாகாது என்று நான்கு தொகுதிகளை ஓரிரவு தட்டுகளில் வைத்தேன். காலையில் பூஞ்சணம் இல்லை, முதுகும் இல்லை. பசை வெடித்து, தாள் முறுகி, தொகுதிகள் அப்பளமாய்க் கிடந்தன. தந்தையார் ஒன்றும் சொல்லாமல் மீண்டும் ஊசியைக் கோத்தார். இன்றைக்கும் அந்நான்கு தொகுதிகளைத் திறந்தால் ஏலக்காய் மணக்கும். பெட்டியிலேயே விலை மதிப்பற்றவை அவையே என்பது என் கருத்து.

சேர்க்கும் ஆசை வந்தவனுக்கு ஒன்று போதாது. பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று தேடி வாங்கினேன். ரிச்சர்டு பர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் இவற்றுள் சில கதைகளைத் தம் போக்கில் மாற்றி 1870-இல் இலண்டனில் வெளியிட்டார். எர்னஸ்டு கிரிசே என்பவர் அதற்குப் படம் வரைந்தார். அதன் மறுபதிப்பும் என்னிடம் உண்டு. பர்ட்டனின் வேதாளம் பழந்தின்னி வௌவாலைப் போலத் தலைகீழாய்த் தொங்குவது. பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அதைச் சுமந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை. சங்கரின் பிணத்தில் பளு தெரியும்.

அம்புலிமாமா 2007-இல் வேறு நிறுவனத்தின் கைக்குச் சென்று, அடுத்த சில ஆண்டுகளில் நின்று போயிற்று. பழைய இதழ்களைப் படமெடுத்துச் செல்பேசியிற் படிப்போர் இன்று பலர். அதைக் குறை கூறேன். ஆனால் இதழ் நின்ற பின் பெட்டியின் மேல் எனக்குப் பற்று அளவு கடந்து விட்டது. பூட்டுப் போட்டேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் மறையாமற் சொல்லி விடுகிறேன்.

என் பேத்திக்கு வயது ஒன்பது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் ஓரெழுத்தும் அறியாதவளாக இருந்தாள். இக்குடியிருப்பில் அவள் நிலையிலுள்ள குழந்தைகள் எத்தனை பேர் என்று நான் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். சென்ற கோடையில், நான் பெட்டியைத் திறந்து வசம்பு மாற்றும்போது, அவள் அந்தப் படத்தைக் கண்டாள்.

"தாத்தா, இவர் ஏன் அந்தப் பிணத்தைக் கீழே போடவில்லை?"

கதையைப் படித்துக் காட்டினேன். வேதாளம் வினாத் தொடுக்கும் இடத்தில், வேண்டுமென்றே நூலை மூடி விட்டேன். விடை அடுத்த பக்கத்தில் இருக்கிறது, நீயே படித்துக்கொள் என்றேன். அழுதாள், பிடிவாதம் செய்தாள். நானும் விக்கிரமனாக மௌனம் காத்தேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்திலிருந்து ஒரு பழைய "அம்பிளி அம்மாவன்" இதழோடு ஓடி வந்தாள். அம்புலிமாமாவின் மலையாளப் பதிப்பு அது. எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் ஓவியம் ஒன்றேயாதலால், அதே மன்னன் அதே வாளோடு நின்றான். கதை வேறு, ஆனால் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டையும் அருகருகே விரித்து, மலையாளத்தில் வேதாளம் என்றிருக்கும் சொல்லைத் தொட்டாள். தமிழில் அதைத் தேடினாள். 'வே' என்னும் எழுத்துக்கு இரு மொழியிலும் குறி இடப்புறம் நிற்பதைத் தானே கண்டு கொண்டாள். நான் கற்பிக்கவில்லை. படம் அவள் கையைப் பிடித்து ஆற்றைக் கடத்தியது.

சில நாளில் அடுத்த பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்து விட்டாள். எத்தனை மகிழ்ந்திருக்க வேண்டும் நான்! ஆனால் என் கண்ணிற் பட்டது வேறு. 1964-ஆம் ஆண்டுத் தொகுதியின் வெட்டப்படாத அகன்ற ஓரங்களில், தந்தையார் அத்தனை பாடுபட்டுக் காத்த ஓரங்களில், பென்சிலால் வே, வே, வே என்று எழுதியிருந்தாள். கடிந்து பேசினேன். பெட்டியைப் பூட்டினேன். எட்டு நாள் அவள் என் அறைப் பக்கம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் நானே பூட்டைத் திறந்தேன். அந்தப் பென்சில் எழுத்துகளை அழிக்க ரப்பரையும் எடுத்தேன். முதல் எழுத்தில் கொம்பு வலப்புறம் இருந்தது, இரண்டாவதில் தடுமாறியது, பக்கத்தின் அடியில் நேராக நின்றது. ரப்பரை வைத்து விட்டேன்.

ஆகவே என் விண்ணப்பம் இது. வரும் ஞாயிறு முதல் பெட்டி சங்கத்தின் படிப்பறைக்கு வருகிறது. காலை பத்து மணி முதல் நண்பகல் வரை நான் உடன் இருப்பேன். குழந்தைகள் கை கழுவிவிட்டு வரட்டும். எண்ணெய்ப் பலகாரம் வெளியிலேயே இருக்கட்டும். பென்சில் கொண்டு வரலாம்; பேனா கூடாது. பழைய "அம்பிளி அம்மாவன்" இதழ்கள் எவர் வீட்டிலேனும் இருந்தால் அவற்றையும் அளித்துதவுங்கள். இரு மொழித் தொகுதிகளையும் ஒரே மேசையில் விரித்து வைக்க எண்ணம். தமிழ்த் தொகுதியில் 1959-ஆம் ஆண்டு முழுவதும், 1967-இன் பின் ஆறு இதழ்களும் எங்களிடம் இல்லை. போடியில் உங்கள் பழைய வீட்டுப் பரண்மேல் அவை கிடந்தால், அருள் கூர்ந்து கட்டடம் செய்யாமல், ஓரம் வெட்டாமல், அப்படியே கொணருங்கள். ஊசியும் நூலும் என்னிடம் இருக்கின்றன.