கட்டடம் எழுந்த பிறகு



போருக்குப் பிந்திய வடக்கில் பாடசாலைகளின் நிதியையும் நிர்வாகத்தையும் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். ஆய்வுரைகளுக்கு முன் ஒரு பற்றுச்சீட்டுக் கட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் சிறிய பாடசாலை ஒன்றுக்கு ஒருமுறை போயிருந்தேன். உதவி நிறுவனம் கட்டிக்கொடுத்த அழகான கட்டடம். வாசலில் திறப்புவிழாக் கல். பின்புறத்தில் மலசலகூடம் பூட்டிக் கிடந்தது. தண்ணீர் மோட்டர் எரிந்துவிட்டது. அன்றிலிருந்து பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் சிலர் ஒழுங்காக வருவதில்லை என்றார் அதிபர். அவர் மேலிடத்துக்கு எழுதிய மூன்று கடிதங்களின் பிரதிகள் கோப்பில் இருந்தன. கடைசியில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம்தான் காசு சேர்த்தது. இருநூறு, முந்நூறு ரூபாய்ப் பற்றுச்சீட்டுகள். கொடுத்தவர்கள் கடற்றொழிலாளர்களும் கூலிவேலைக்காரர்களும். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி அந்த ஊரில் இப்படித்தான் நடக்கிறது.

2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு இங்கு வந்த உதவியில் பெரும்பகுதி கட்டடமாகவே வந்தது. கட்டடத்துக்குத் திறப்புவிழா உண்டு. மோட்டர்த் திருத்தத்துக்கு யார் விழா எடுப்பார்கள்? மீண்டெழும் செலவு மாகாணத்தின் தலையில் விழுகிறது. மாகாணத்துக்கோ, நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்படி கொழும்பிலிருந்து காசு வரவேண்டும். வருவதில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடுகிறது.

யாழ்ப்பாண நகரின் பெரிய கல்லூரிகளுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்பை நான் குறைசொல்ல வரவில்லை. அப்படி எவருமில்லாத பாடசாலைக்கு அரசாங்கம் மட்டுமே உண்டு. ஆகவே அரசாங்கக் காசைத் தலைக்கணக்குப் பார்த்துச் சமமாகப் பிரிப்பது நீதியாகாது என்பதே என் உறுதியான கருத்து.

நிதியைப் போலவே நிர்வாகத்திலும் சிக்கல் இருக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் பாடசாலைகளை மாகாணத்திடம் கொடுத்தது. தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சிடம் நின்றன. தேசியப் பாடசாலையானால் காசு வரும் என்று பெற்றோரே கேட்கிறார்கள். அவர்களில் பிழையில்லை. வடக்கு மாகாணசபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன் பின் கேள்வி கேட்பதற்குத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கூட இல்லாமல் ஆண்டுகள் கழிந்தன.

வன்னிப் பாடசாலைகளுக்கு ஏ9 வீதியில் தினமும் போய்வரும் ஆசிரியர்களை மறக்கமாட்டேன். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார்கள்; கேட்பது நியாயம். தங்க ஒரு விடுதியும், கையில் கொஞ்சம் கூடுதல் படியும் கொடுத்தால் பலர் நிற்பார்கள். அவர்களை வைத்திருக்கும் அதிகாரமோ, மோட்டரைத் திருத்தும் அதிகாரமோ அதிபரிடம் இல்லை.

ஓர் அதிபர் எவரையும் கேட்காமல் எவ்வளவு காசு செலவழிக்கலாம், அதன் கணக்கை எந்தப் பெற்றோர் முன்னால் வைக்கவேண்டும்? முதல் அமர்வு இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும். வன்னியிலிருந்து விடியப்புறமே பஸ் ஏறி வந்திருக்கும் அதிபர்கள் முதலில் பேசட்டும். பேராசிரியர்கள் நாங்கள் பிறகு பேசுகிறோம். கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.