பெயருக்கு உரிய பொருள்



ஜெர்மனி நாட்டுச் சாக்கலேட்டுக்கும் ஏனைய இனிப்புப் பண்டங்களுக்கும் உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அதற்குக் காரணம் யாது என்று வினவினால், சுவை என்றே பலரும் விடை பகர்வர். அது உண்மையே. ஆயினும் சுவைக்குக் காவலாக மற்றொன்றும் அங்கே நிற்கிறது. ஒரு பண்டத்துக்கு ஒரு பெயரை இட்டால், அப்பெயருக்கு உரிய பொருள் இன்ன அளவேனும் அதில் இருத்தல் வேண்டும் என்னும் ஒழுங்கே அது.

லூபெக் நகரத்து மார்சிபானை எடுத்துக்கொள்வோம். பாதாம் பருப்பையும் சர்க்கரையும் சேர்த்து அரைத்துச் செய்யும் பண்டம் இது. அரைத்த பருப்பு விழுதின் 70 பங்குக்கு 30 பங்குக்கு மேல் சர்க்கரை சேர்த்தால், லூபெக் மார்சிபான் என்னும் பெயர் அதற்கு இல்லை. நியூரம்பர்க் நகரத்து லேப்கூகன் என்னும் மணப் பணியாரத்தில், 'எலிசன்' என்னும் உயர்ந்த வகைக்கு நூற்றுக்கு 25 பங்கேனும் பாதாம் முதலிய பருப்புகள் வேண்டும். மாவு 10 பங்குக்கு மேற்படலாகாது. அந்நகரைச் சூழ்ந்த காட்டுத் தேனும், நம் மலையாளக் கரையிலிருந்து கடல் கடந்து சென்ற இஞ்சியும் ஏலமும் சேர்ந்து வளர்த்த பணியாரம் அது. இவ்விரு பெயர்களுக்கும் 1996-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் கிடைத்தது.

சாக்கலேட்டுக்கு வேண்டிய கொக்கோ மரம் ஜெர்மனியில் விளைவதே இல்லை. கொட்டை முழுவதும் வெப்ப நாடுகளிலிருந்து கப்பலேறி வருகிறது. எனினும் ஹாலே நகரில் 1804-லும், கொலோன் நகரில் 1839-லும் தோன்றிய நிறுவனங்கள் அத்தொழிலை வளர்த்தன. இன்று பால் சாக்கலேட் என விற்பதற்கு நூற்றுக்கு 25 பங்கேனும் கொக்கோப் பொருள் இருத்தல் வேண்டும் என்பது அங்கே சட்டம். அவ்வளவை உறையிலேயே அச்சிடுகின்றனர். வாங்குவோர் கேளாமலே விடை கிடைக்கிறது.

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை பனைகள் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. 1956-ஆம் ஆண்டில் மாநில எல்லை இங்கே வகுக்கப்பட்டது. விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையின் இருபுறமும் தொழில் ஒன்றே. பனையேறி நாள்தோறும் மரமேறிப் பாளையைச் சீவுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருப்பதால், இறக்கும் அக்கானி புளிப்பதில்லை. அதனை வீட்டுப் பெண்கள் விறகடுப்பில் பல நாழிகை காய்ச்சிப் பாகாக்கிச் சிரட்டையில் ஊற்றுகின்றனர். ஏறக்குறைய 8 லிட்டர் அக்கானி வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி.

இத்தனை உழைப்பையும் ஒரு மூட்டை வெள்ளைச் சர்க்கரை வென்றுவிடுகிறது. சர்க்கரையைக் கலந்து காய்ச்சி, அதே சிரட்டையில் ஊற்றி, அதே பெயரில் சந்தைக்கு அனுப்புவோர் உள்ளனர். கண்ணால் மட்டும் வேறுபாடு காண்பது எளிதன்று. கலப்படக் கருப்பட்டியின் குறைந்த விலையே சந்தை விலையாகிவிட்டால், நேர்மையாகக் காய்ச்சுபவருக்கு விறகுச் செலவும் மிஞ்சாது. பின்னர் அவர் மகன் ஏன் பனையேறப் போகிறான்? ஏற ஆளில்லாத மரத்தை உடையவர் வெட்டி விற்கிறார். அவ்விடத்தில் ரப்பர் நிற்கிறது.

இதற்கு வழி நம் நாட்டிலேயே உண்டு. மறையூர்ச் சர்க்கரைக்கு 2019-லும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லும், உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆயினும் குறியீடு பெயரைக் காக்குமேயன்றித் தானாகவே கலப்படத்தைத் தடுக்காது. சோதனையும் வேண்டும், பனையேறிகளின் கூட்டுறவும் வேண்டும், அக்கானி மட்டுமே சேர்ந்தது என்று உறையில் எழுதி அதற்குப் பொறுப்பேற்கும் துணிவும் வேண்டும்.

வாங்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. கருப்பட்டிக் காப்பியை விரும்பும் நாம், கடையில் விலையை மட்டும் கேளாமல், எவ்வூரில் யார் காய்ச்சியது, சர்க்கரை சேர்ந்ததா என்றும் கேட்போமாக. தம் மண்ணில் விளையாத கொக்கோவுக்கே அந்நாட்டார் இத்தனை காவல் வைத்துள்ளனர். நம் மண்ணிலேயே நிற்கும் பனைக்கு நாம் அக்கேள்வியையேனும் கேட்க வேண்டாமா?