காலிப் பணியிடத்துக்கும் ஒரு வரி

(குறுவள மையக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர்கள், ஆசிரியர்கள் முன் ஆற்றிய உரை)



நம் பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் ஒரு கரும்பலகை கண்ணில் படும். வகுப்பு, பதிவு, வருகை என்று கட்டம் போட்டிருக்கும். காலையில் ஒரு மாணவன் வந்து நேற்றைய எண்ணை அழித்துவிட்டு இன்றைய எண்ணை எழுதிவிட்டுப் போவான். பக்கத்தில் இன்னொரு பலகை: அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், காலி. இன்று டேஷ்போர்டு, தகவல் பலகை என்றெல்லாம் சொல்கிறார்களே, அதற்குத் தாத்தா இதுதான். கரும்பலகை எழுதியதை மட்டும் காட்டும். கணினியில் அமைக்கும் பலகையிடம் நாம் கேள்வி கேட்கலாம். கணிதம் மட்டும் என்று தட்டினால், நடுநிலைப்பள்ளி மட்டும் என்று தட்டினால், எல்லா எண்ணும் அதற்கேற்ப மாறும்.

ஆசிரியர் விவரமெல்லாம் எமிஸ் தளத்தில் இருக்கிறதே, இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அது மாநிலம் முழுவதற்குமானது. நம் கேள்வி சிறியது. வரும் ஜூன் மாதம் நம்மைச் சுற்றியுள்ள பள்ளிகளில் எந்தப் பாடத்துக்கு வகுப்பறையில் ஆள் இருக்கமாட்டார்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் பலகையை எக்ஸெல் தெரிந்த எவரும் அமைத்துவிடலாம். ஆனால் முதல் தாளை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆசிரியர் பட்டியல் கேட்டால் நாம் என்ன செய்வோம்? ஓர் ஆசிரியருக்கு ஒரு வரி என்று எழுதுவோம். பெயர், பதவி, பாடம், பிறந்த தேதி. சம்பளப் பட்டியலுக்கு அது சரி. பணியாளர் நிலவரத்துக்கு அது உதவாது. ஏனென்றால் இல்லாத ஆசிரியருக்கு அந்தத் தாளில் வரியே கிடையாது. நாம் தேடுவதோ அவரைத்தான்! ஆகவே ஒரு பணியிடத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். அளவைப் பதிவேட்டை எடுத்து, அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். பள்ளி, பதவி, பாடம் முதலில் வரட்டும். அதில் பணிபுரிபவர் யார் என்பது அதன் பிறகு வரும் ஒரு கலம். ஆள் இல்லையென்றால் அந்தக் கலம் காலியாக இருக்கும், வரி இருக்கும். காலிப்பணியிடம் அப்போதுதான் எண்ணிக்கைக்குள் வரும்.

அடுத்த கலம் நிலை. இதில் ‘உண்டு’, ‘காலி’ என்ற இரண்டு மட்டும் போதாது. மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குச் சென்றவருக்குச் சம்பளம் ஓரிடம், பாடம் நடத்துவது ஓரிடம். மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதம். ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு. அது நம் சகோதரிகளின் உரிமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதிவேட்டில் நிரப்பப்பட்ட அந்த இடத்தில் எட்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அறிவியல் நடத்த யாருமில்லை என்பதும் உண்மை. எனவே நான்கு நிலைகள் வையுங்கள்: பணியில் உள்ளார், மாற்றுப்பணி, நீண்ட விடுப்பு, காலி. என்ன விடுப்பு, ஏன் விடுப்பு என்ற கலம் வேண்டவே வேண்டாம். அது பலகைக்குத் தேவையில்லாத செய்தி.

இப்போது சராசரிக்கு வருவோம். கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். மூன்று நடுநிலைப்பள்ளிகள், 6 முதல் 8 வகுப்பு வரை மட்டும். முதல் பள்ளியில் 180 மாணவர்கள், இரண்டாவதில் 60, மூன்றாவதில் 90. மூன்றிலும் நான்கு நான்கு ஆசிரியர்கள். மொத்தம் 330 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். சராசரி 27.5. கல்வி உரிமைச் சட்டம் 2009 இந்த வகுப்புகளுக்குச் சொல்வது 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர். பலகையில் பச்சை நிறம் வந்துவிடும். ஆனால் முதல் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 45 பேர். அங்கே இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

இரண்டாம் பள்ளியைப் பாருங்கள். 60 பேருக்கு 35 வீதம் கணக்குப் போட்டால் இரண்டு ஆசிரியர் போதும், இரண்டு பேர் உபரி என்று பலகை சிவப்பு அடிக்கும். அது தவறு. அதே சட்டத்தின் அட்டவணை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது. அறிவியல் மற்றும் கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். குறைந்தது மூன்று பேர். உபரி ஒருவர்தான். வகுத்தல் மட்டும் தெரிந்த சூத்திரம் ஒன்று ஓர் ஆசிரியரைப் பணிநிரவல் பட்டியலில் ஏற்றிவிடும். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு பாடத்தை இழப்பார்கள். மூன்றாம் பள்ளியில் எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. நான்கு பேரில் கணித ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா என்பதைப் பாடம் என்ற வடிகட்டியைத் தட்டினால்தான் சொல்ல முடியும். எனவே மேலே பெரிய எழுத்தில் சராசரியைப் போடாதீர்கள். 35-க்கு மேல் உள்ள பள்ளிகள் எத்தனை, ஏதேனும் ஒரு பாடத்துக்கு ஆளில்லாத பள்ளிகள் எத்தனை என்ற இரண்டு எண்களைப் போடுங்கள்.

ஓய்வுக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. வயது 60, ஓய்வு அந்த மாதக் கடைசி நாளில். மாதத்தின் 1-ஆம் தேதி பிறந்தவர் மட்டும் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுவார். பிறந்த தேதியில் ஒரு நாள் கழித்து, 60 ஆண்டு கூட்டி, வரும் மாதத்தின் கடைசி நாளை எடுத்தால் இருவருக்கும் சரியாக வரும். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறுபவர் மறுநியமனத்தில் ஆண்டு முடியும்வரை தொடர்வதால், ஓய்வு நாள் வேறு, வகுப்பை விட்டுப் போகும் நாள் வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கலம் வையுங்கள்.

தாளைச் சுத்தம் செய்வது சலிப்பான வேலை. கணக்கு, கணிதம், மேத்ஸ் என்று மூன்று விதமாக எழுதினால் கணினிக்கு அவை மூன்று பாடங்கள். தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. அதன்பின் பிவட் டேபிள் போட்டு, பள்ளி வகை, பாடம், நிலை என மூன்று ஸ்லைசர் பொத்தான்கள் வைத்தால் பலகை தயார். எக்ஸெல் 2010 முதல் இந்த வசதி உண்டு. வட்டப்படங்களை அடுக்க வேண்டாம். பள்ளிவாரியாகப் பட்டை வரைபடம் ஒன்று போதும். எந்தத் தேதி நிலவரம் என்பதை மேலே எழுதுங்கள். பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்து நடப்பது. ஜூன் மாத எண்ணை அதனோடு கலந்தால் வீண் சண்டைதான் வரும்.

கடைசியாக ஒன்று, இதைக் கவனித்துக் கேளுங்கள். பிவட் டேபிளில் ஏதாவது ஓர் எண்ணை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள அத்தனை வரிகளும் புதிய தாளில் வந்து நிற்கும்: பெயர், பிறந்த தேதி, கைபேசி எண், நீங்கள் மூலத்தாளில் வைத்த எல்லாம். தொகுப்பு மட்டும்தானே என்று நினைத்து அந்தக் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், முழுப் பதிவேட்டையும் ஊருக்குக் கொடுத்ததாகிவிடும். தனிநபர் எண்ணிமத் தரவுக்கென்று 2023-இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. பகிர வேண்டுமானால் படமாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ அனுப்புங்கள். ஈராசிரியர் பள்ளியில் ‘நீண்ட விடுப்பு: 1’ என்று போட்டால் பெயர் போட்டது போலத்தான். பொதுவில் வைக்கும் பலகையில் மாற்றுப்பணியையும் நீண்ட விடுப்பையும் சேர்த்து, ‘வகுப்பில் ஆள் இல்லை’ என்று காட்டினால் போதும். அதேபோல, தன் பெயர் உள்ள வரி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒவ்வோர் ஆசிரியரும் கேட்டுப் பார்த்துத் திருத்தச் சொல்லும் வாய்ப்பும் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அளவைப் பதிவேட்டிலிருந்து உங்கள் பள்ளியின் பணியிடங்களைப் பதவி, பாடம் வாரியாக ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். ஆசிரியர் பெயர் எதுவும் வேண்டாம். இங்கேயே உட்கார்ந்து முதல் தாளைச் சேர்ந்து எழுதிவிடுவோம்.