ரவை எங்கே போகிறது



எலியட்ஸ் கடற்கரையில் சாயங்காலம் நடக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம்: ஏர் கன் 'டப்' என்கிறது, பின்னாலேயே பலூன் வெடிக்கிறது. மெரினாவிலும் இதே காட்சிதான். குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று நாம் கடந்துபோகிற அந்தப் பலூன் பலகைக்கு முன்னால் ஓர் அருமையான கலை இருக்கிறது. குறி தவறாமல் சுடுகிற கலை.

கடைக்காரர் குழலை மடக்குவதைக் கவனியுங்கள். உள்ளே ஒரு கனத்த ஸ்பிரிங் அமுங்கி மாட்டிக்கொள்கிறது. குழலின் பின்வாயில் ஓர் ஈய ரவையை வைத்து நிமிர்த்துகிறார். குறுக்களவு 4.5 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய அரை கிராம். ட்ரிகரை அழுத்தியதும் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் நெருக்கிய காற்று ரவையைத் துரத்துகிறது. சூட்சுமம் இங்கேதான். ரவை குழலை விட்டுப் போவதற்கு முன்பே துப்பாக்கி ஒரு குலுக்குக் குலுங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆகாது. ஒருமுறை இறுக்கம் கூடும், மறுமுறை குறையும். அதற்கேற்பக் குலுக்கல் மாறி ரவை சிதறும். இடது உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா கிடத்தி, தோளில் மெல்ல ஒட்டவைத்து, ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி குலுங்க விட்டுவிட வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள். ட்ரிகரைச் சுண்டாதீர்கள். சுட்ட பிறகும் ஒரு நொடி குறியிலேயே கண் இருக்கட்டும்.

கடைத் துப்பாக்கி கோணல் என்று பலர் குறைப்படுவார்கள். இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து ரவை சுடுங்கள். ஐந்தும் இடப்பக்கமாக ஒரே இடத்தில் விழுந்தால் கோணல் துப்பாக்கியில். அந்த அளவுக்கு வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தால் போதும். ஐந்தும் ஐந்து திசையில் போனால் கோளாறு பெரும்பாலும் நம் கையில்.

பலூனில் குறி தவறினால் நஷ்டமில்லை; உயிருள்ள குறியில் அப்படி இல்லை. பிரிட்டன் போன்ற நாடுகளில் முயலையும் காட்டுப்புறாவையும் ஏர் ரைஃபிளால் வேட்டையாடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அங்கே பொறுப்புள்ள வேட்டைக்காரர் தனக்கு விதித்துக்கொள்ளும் அளவு கடுமையானது. மேசைமேல் சாய்த்து வைத்துச் சுட்டு, நன்றாக விழுந்த ரவைகளை மட்டும் காட்டிப் பெருமைப்படுவது அங்கே செல்லாது. நின்றபடி, காற்று வீசும்போது, அன்றைய முதல் ரவை எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. முயலின் தலையில் உடனே உயிர் போகும் இடம் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் அகலம். அந்த வட்டத்துக்குள் ஒவ்வொரு முறையும் சுட முடிகிற தூரம் 15 மீட்டர் என்றால், 16-வது மீட்டரில் நிற்கும் முயலை விட்டுவிட வேண்டும். துப்பாக்கி எத்தனை மீட்டர் சுடும் என்று விளம்பரம் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தவறிய ரவை பிராணியைக் கொல்லாது. காயத்தோடு புதருக்குள் அனுப்பும். தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மையைத்தான் நான் இந்தக் கலையின் உயிர் என்பேன்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. அதனால் இந்தக் கலை ஒன்றும் குறைந்துபோகவில்லை. மகாபாரதத்தில் சீடர்களின் குறியைச் சோதிக்கத் துரோணர் மரக்கிளையில் வைத்ததும் செய்து வைத்த பறவைதான், உயிருள்ள பறவை இல்லை. இன்றைய 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். எந்த முயலின் தலையும் இவ்வளவு கடினமான குறி இல்லை. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதில்தான்.

அடையாறிலோ மயிலாப்பூரிலோ உங்கள் வீட்டுப் பிள்ளை கையில் ஏர் கன் இருந்தால், மொட்டை மாடியில் மைனாவையும் கிளியையும் அணிலையும் குறிபார்க்க விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம்; தவறிய ரவை பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும், ஏன், ஒருவர் கண்ணுக்குமே போகும். முறையான துப்பாக்கி சுடும் கழகத்தில், பயிற்சியாளர் பார்வையில், காகிதக் குறியைச் சுடக் கற்றுக்கொடுங்கள்.